கொம்பியூட்டருக்குச் சட்டை

எங்கள் பக்கத்து வீட்டு மாமி காசு கொடுத்து வாங்கிய எதையும் அரைகுறையாக விடமாட்டார். பற்பசை முடிந்தால் குழாயை நடுவால் வெட்டி, உள்ளே வழித்து இன்னும் ஒரு கிழமை ஓட்டுவார். சவர்க்காரம் தேய்ந்து விரலுக்குள் நிற்காமல் வழுக்கத் தொடங்கினால் அதைப் புதுக் கட்டியின் முதுகில் ஒட்டிவிடுவார். அவர் தேங்காய் திருவிப் போட்ட சிரட்டைக்கு எறும்பு வராது. ஆனால் திருவிய தேங்காய்ப்பூவில் ஒரு கறுப்புத் துகளையும் காணமுடியாது. "சிரட்டை தெரியிற வரைக்கும் திருவோணும், சிரட்டையைத் திருவக் கூடாது" என்று சொல்லுவார். கொடிகாமத்துத் தென்னங்காணிக்குள் பிறந்து உரும்பிராய்க்கு வாழ வந்தவர், வேறு எதைச் சொல்லுவார்?

அவருடைய பெயரை எழுதமாட்டேன். "என்ரை பேரை ஏன்ரா சும்மா செலவழிக்கிறாய்?" என்று கேட்கக்கூடியவர். நான் கொழும்புக்கு வந்து இத்தனை காலமாகியும் அந்தப் பயம் போகவில்லை.

அவருக்கு இன்னொரு பழக்கம், சட்டை தைப்பது. மனிதருக்கு அல்ல. பழைய சேலை கிழிந்ததும் அதை வெட்டி றேடியோவுக்கு, ரீவிக்கு, கிறைண்டருக்கு, காஸ் சிலிண்டருக்கு என்று அளவெடுத்துத் தைப்பார். சோளகக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கத்துச் செம்மண் தூள் பூட்டிய அலுமாரிக்குள்ளும் போய்விடும். ஆகவே அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் கல்யாண வீட்டுக்கு உடுத்து வெளிக்கிட்டு நிற்கிற பொருட்களுக்கு நடுவில் நிற்பதுபோல் இருக்கும். தையல் மெஷினுக்கும் ஒரு சட்டை இருந்தது. "அதை எந்த மெஷினிலை தைச்சனீங்கள் மாமி?" என்று ஒருநாள் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாமா யாழ்ப்பாணம் – கொடிகாமம் மினிபஸ் சாரதி. சொந்த பஸ். வாய் ஓயாத மனிதர். நாவற்குழிப் பாலம் தாண்டுவதற்குள் முன்சீற்றில் இருப்பவருடைய சாதகமே அவருக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்தாலும் ஓட்டம் நிற்காது. எந்த இடத்தில் எந்த மாடு குறுக்கே வந்தது, எவன் கையைக் காட்டாமல் திரும்பினான் என்று இரவுச் சாப்பாடு முழுக்கச் சொல்லுவார். "வாயிலை பிறேக் இல்லாத மனுசன்" என்று மாமி திட்டுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

சீனி வருத்தத்தில் புண் ஆறாமல் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கிளச் மிதிக்கிற கால். பஸ்ஸை விற்றார்கள். ஆஸ்பத்திரியால் வந்த மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். எது கேட்டாலும் "ம்". சாப்பாடு வேணுமா என்றாலும் "ம்", வேண்டாமா என்றாலும் "ம்". கனடாவில் இருக்கும் மகள் வீடியோவில் அழுதாலும் அதே பதில். செயற்கைக் கால் ஒன்று கொடுத்திருந்தார்கள். அது மூலையில் சாய்ந்து நின்றது. அதற்கும் மாமி ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தார்.

"காலை எடுத்தவங்கள் நாக்கையும் சேர்த்து எடுத்துப்போட்டாங்களோ தம்பி?" என்று மாமி வேலியடியில் நின்று என்னிடம் கேட்டார். பகிடிபோலத்தான் தொடங்கினார். முடிக்கும்போது முகத்தைத் தங்கள் வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மனுசனுடைய வாயைப் பற்றி இருபத்தெட்டு வருடம் குறைசொன்னவருக்கு இப்போது அந்த வாய்தான் வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அறையில் கார் ஓட்டும் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். அப்போது நான் யாழ்ப்பாணத்தில் ஒரு அலுவலகத்தின் கொம்பியூட்டர்களைப் பார்க்கிற வேலையில் இருந்தேன். மிச்ச நேரமெல்லாம் விளையாட்டுத்தான். மாமி முருங்கைக்காய் கொண்டுவந்தவர், யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உது ஆர் ஓடுறது?"

"நான்தான் மாமி."

"உதிலை பஸ் இருக்கோ?"

"இருக்கு. பஸ்ஸுக்கெண்டே தனி விளையாட்டு இருக்கு. சனம் ஏறும், இறங்கும், மழை பெய்யும், மணி அடிப்பினம்."

மாமி முருங்கைக்காயை யன்னல் விளிம்பில் வைத்தார். "உப்பிடி ஒண்டு எங்களுக்குச் செய்து தா. கிளச் இல்லாமல் ஓடக்கூடினதாய் இருக்கோணும்" என்றார்.

அப்படித்தான் பஸ் விற்ற காசில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு நானும் மாமியும் யாழ்ப்பாண ரவுணுக்குக் கொம்பியூட்டர் சாமான் வாங்கப் போனோம். ஒரு விளையாட்டுக் கொம்பியூட்டருக்கு என்னென்ன வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதே சொல்லிக்கொடுத்தேன். புரொசெசர்தான் என்ஜின். கிராபிக்ஸ் கார்ட் படத்தை வரைவது. ராம், மதர்போட், கரண்டைப் பிரித்துக்கொடுக்கிற பவர் சப்ளை, சூட்டை இறக்குகிற கூலர், எல்லாவற்றையும் அடைக்கிற பெட்டி. மாமி கேட்டுவிட்டு, "சரி, உதிலை எது இல்லாட்டியும் ஓடும்?" என்றார். ஒன்று இல்லாவிட்டாலும் ஓடாது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

கடைக்காரர் முதலில் காட்டியது கண்ணாடிப் பெட்டி. உள்ளே விசிறிகள் சிவப்பும் நீலமும் பச்சையுமாகச் சுழன்றன. மாமி அதைத் திருவிழாச் சோடனை பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "லைற்று எரிஞ்சால் பஸ் கெதியாய் ஓடுமோ?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா, வடிவுக்குத்தான்."

"அப்ப உந்தக் கண்டறியாத லைற்று எனக்கு வேண்டாம். காத்துப் போய்வரக்கூடின பெட்டி ஒண்டு எடும்."

புரொசெசரில் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று அந்த வருடம் வந்தது, பெரியது. மற்றது முந்தின வருடத்து நடுத்தரம், ஆனால் வேகத்தை நாங்களாகக் கூட்டக்கூடிய வகை. எனக்குப் பெரியதில்தான் கண். மாமி இரண்டு பெட்டியையும் கையில் எடுத்துக் கத்தரிக்காய் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவன் எவ்வளவு ஓடுவான்?"

கடைக்காரர் ஒரு கணக்குச் சொன்னார்.

"மற்றவன்?"

"கொஞ்சம் குறைவு அம்மா. ஆனால் கம்பனி பயத்திலை குறைச்சு வைச்சிருக்கு. கூட்டி ஓட்டலாம். ஓவர்குளொக் எண்டு சொல்லுறது. தம்பிக்குத் தெரியும்."

மாமி என்னைப் பார்த்தார். "உள்ளுக்கை இன்னும் கிடக்கு எண்டு சொல்லுறார். கிடக்கோ?"

"ஓம் மாமி. எவ்வளவு கிடக்கு எண்டது ஒவ்வொண்டுக்கும் வித்தியாசம். ஓட்டிப் பாத்தால்தான் தெரியும்."

"அப்ப இந்தச் சின்னவனைத் தாரும். மிச்சத்தை நாங்கள் திருவி எடுப்பம்."

கடைக்காரர் சிரித்தார். நான் பெரியதை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வந்தேன்.

பவர் சப்ளையில் சண்டை வரும் என்று நினைத்து நான் முன்கூட்டியே மூச்சை இழுத்து வைத்திருந்தேன். நல்லது ஒன்றைக் கேட்டேன், விலையும் நல்லதாகத்தான் இருந்தது. எங்கள் ஊர்க் கரண்ட் வரும், போகும், திடீரென்று துள்ளும். மாமி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "போடும்" என்றார். வெளியே வந்ததும் காரணம் கேட்டேன். "கறியிலை மிச்சம் பிடிக்கலாம். கிணத்துக் கயித்திலை ஆரும் மிச்சம் பிடிப்பினமே?" என்றார்.

கிராபிக்ஸ் கார்டுக்குப் புதுசு வாங்கக் காசு காணாது என்று மானிப்பாயில் ஒரு பெடியன் விற்க வைத்திருந்ததைப் பார்க்கப் போனோம். அவன் விளையாட்டு ஓட்டிக் காட்டினான், நன்றாகத்தான் இருந்தது. மாமி அதைக் கழற்றச் சொல்லிக் கையில் வாங்கி, மூக்கருகில் கொண்டுபோய்க் கருவாடு மணப்பதுபோல் மணந்து பார்த்தார். "எரிஞ்ச மணம் அடிக்குது. வேண்டாம்" என்றார். பெடியன் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். அது நல்ல கார்டாகவும் இருந்திருக்கலாம். அடுத்ததாகத் தேடிப்போன வீட்டில் அவருடைய மூக்குக்குச் சரிவந்த கார்ட் ஒன்று கிடைத்தது. அதில் விசிறி ஒன்று கரகரத்தது. "சத்தம் போடுறது நல்லது, உயிரோடை கிடக்கு எண்டு தெரியும்" என்று அதையே வாங்கினார்.

விளையாட்டு ஸ்டியரிங் கனடாவில் இருந்து வந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த தெரிந்தவர்களுடைய பெட்டியில், சொக்கலேற்றுக்கும் ஷம்புப் போத்தலுக்கும் நடுவில், மகள் வைத்து அனுப்பியிருந்தாள்.

எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டி, மாமாவின் அறையில் மேசைபோட்டு வைத்தேன். மாமி நல்ல நேரம் பார்த்தார். பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைக்க வந்தவரை, காற்று இழுக்கிற பக்கத்தில் வைக்காதீர்கள் என்று தடுத்து நெற்றியாக ஒரு மூலையைக் காட்டிக்கொடுத்தேன். மாமாவைத் தூக்கிக் கதிரையில் இருத்தினோம். அவர் கையை ஸ்டியரிங்கில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மாமி அந்தக் கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தார்.

பஸ் புறப்பட்டது. முதல் சந்தியில் சனமும் மழையும் ஒன்றாக வரவும் படம் திக்கியது. ஒரு கணம் நின்று, பிறகு துள்ளிப் பாய்ந்தது. அடுத்த சந்தியிலும் அப்படியே. மாமா கையை எடுத்துவிட்டார்.

"இது பஸ்ஸில்லை" என்றார்.

மூன்று மாதத்தில் அவர் சொன்ன முதல் வசனம் அதுதான். மாமி சந்தோசப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். மாமா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

அடுத்த நாளே திருவத் தொடங்கினோம். நான் வேகத்தை ஒரு படி கூட்டுவேன், கொம்பியூட்டரைக் கடும் வேலையில் விட்டுப் பார்ப்பேன், நின்றால் கொஞ்சம் கரண்ட் கூட்டிக்கொடுப்பேன், சூடு பார்ப்பேன், பிறகு இன்னொரு படி. மாமி பக்கத்தில் இருந்து பயித்தங்காய் முறித்துக்கொண்டு, "இன்னும் கிடக்கோ?" என்று கேட்பார். ஒரு கட்டத்தில் திரை நீலமாகி எல்லாம் நின்றுபோனது.

"சிரட்டை" என்றார் மாமி.

"ஓம் மாமி. இதிலை இருந்து ஒரு படி கீழை வந்தால் சரி."

"சூடேறினால் வெடிக்குமோ?"

"வெடிக்காது. அளவுக்கு மிஞ்சிச் சூடானால் தானாய் நிண்டிடும். அடிக்கடி அப்பிடி நிண்டால்தான் ஆயுள் குறையும்."

மாமி பயித்தங்காயை முறித்தபடியே தலையாட்டினார். அவர் காதில் விழுந்த எதையும் வீணாக்குகிறவர் இல்லை என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

இந்தமுறை பஸ் வழுக்கிக்கொண்டு ஓடியது. மாமா கையை எடுக்கவில்லை. அது ஏதோ வெள்ளைக்காரப் பட்டணம், ஆனால் அவர் ஓடியது எங்கள் ஓட்டம். ஒவ்வொரு தரிப்பிலும் நிறுத்தி, ஆள் இல்லாவிட்டாலும் இன்னும் இரண்டு பேர் வரக்கூடும் என்று காத்து நிற்பார். நேரம் பிந்துகிறது என்று விளையாட்டு சிவப்பில் எழுதிக் காட்டும், பின்னால் இருக்கிற சனம் முறுமுறுக்கும். கொடிகாம ஓட்டத்தில் எத்தனை முறுமுறுப்பைக் கேட்டவர், அசையமாட்டார். காலைச் சாப்பாடு முடிந்ததும் தொடங்கினால் மத்தியானம் வரைக்கும் ஓடுவார். சுவர்ப் பக்கம் திரும்புவது நின்றது.

ஆனால் கதைக்கவில்லை. ஒரு சொல் இல்லை. மாமி ஒவ்வொரு நாளும் வேலியடிக்கு வந்து அறிக்கை தருவார். "ஓடுறார். மூண்டு மணித்தியாலம் ஓடினார். 'ம்' எண்டும் இல்லை." கடைசியில் ஒருநாள், "தம்பி, வேகம் காணாதோ? இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாரன்" என்றார். சிரட்டையைத் திருவச் சொல்லி மாமி கேட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். இதற்குமேல் கூட்ட ஏலாது என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்து நடந்தது மாமியைத் தவிர வேறு யாருக்கும் நடந்திராது. சோளகம் கடைசியாக ஒருமுறை சுழன்று அடித்த கிழமை. கொம்பியூட்டருக்கும் ஒரு சட்டை தைத்திருந்தார், மாம்பழ நிறச் சேலையில், கரை கீழே வரும்படி. ஓடாத நேரத்தில்தான் போடவேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். செம்மண் பறக்கிறதே என்று அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த பெட்டிக்கு அதை மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் அந்த நேரம் அவர்களுடைய ரவுட்டரைப் பார்க்க வந்து விறாந்தையில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே விசிறிகள் கத்தத் தொடங்கின. கரகரத்த விசிறி அலறியது. பிறகு எல்லாம் நின்றுபோனது. மாமாவின் பஸ் ஏதோ ஒரு பாலத்தின் நடுவில் சனத்தோடு இருண்டுபோனது.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். இனி மனுசன் கையை எடுத்தால் எடுத்ததுதான். நான் உள்ளே போக, மாமி கையில் அகப்பையோடு ஓடிவந்தார். சட்டையைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

மாமா குனிந்து பெட்டியில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"என்ஜின் கொதிச்சுப்போச்சு" என்றார்.

பிறகு சட்டையின் கரையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"உந்தச் சேலையை ஆர் போர்த்தினது? ரேடியேற்றரை மூடிப்போட்டு ஆராவது வண்டி ஓடுவினமோ? கழட்டும் உதை!"

மாமி கழற்றினார். நான் அவசரப்பட்டு மறுபடி போடப் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன். மாமா என் கையைத் தட்டிவிட்டார்.

"விசரா உனக்கு? கொதிச்ச என்ஜினை உடனை ஸ்ராட் பண்ணுறதே? ஆறட்டும். ஒருக்கா மீசாலையிலை இப்பிடித்தான், நல்ல வெயில், வண்டி நிறையச் சனம்..."

அவர் மீசாலைக் கதையைச் சொன்னார். தண்ணீர் கேட்டுப் போன வீட்டில் நாய் துரத்தியது, பயணிகளில் ஒரு கிழவி தன் குடத்துத் தண்ணீரை விலைக்குத் தருவேன் என்று நின்றது, எல்லாம். கதை சாவகச்சேரிக்கு வந்தபோது நிறுத்தி, வாசலைப் பார்த்தார்.

"இஞ்சேரும், வண்டி நிண்டால் ஒரு பிளேன் ரீயாவது குடிக்கிறதில்லையே?"

மாமி அடுப்படிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதார். தேயிலை போடும்போது எப்போதும் கரண்டியின் விளிம்பில் தட்டி மட்டமாக்குகிறவர், அன்றைக்குக் கும்பமாக ஒரு கரண்டி அள்ளிப் போட்டார்.

பிறகு நான் பெட்டியைத் திறந்து தூசு தட்டி, கூலரின் பசையைப் புதுப்பித்து, முன்பக்கம் வலை போட்டுக் கொடுத்தேன். "இனிக் கொதிக்காது மாமி" என்று பெருமையாகச் சொன்னேன். மாமி "நல்லது தம்பி" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோசத்தைக் காணவில்லை. நான் தூசுப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

சில கிழமைகள் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்து, சொல்லிவிட்டு வரப் போனேன். விறாந்தையில் நின்று யன்னலால் பார்த்தேன். மாமா ஓடிக்கொண்டிருந்தார். மூலையில் இருந்த செயற்கைக் கால் அவருடைய காலில் இருந்தது. மேசைக்குக் கீழே பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, மாம்பழ நிறச் சட்டையோடு. சட்டை மட்டும் அல்ல, மேலே ஒரு துவாயும் மடித்துப் போட்டிருந்தது.

எனக்குப் பதறிப்போனது. உள்ளே போகத் திரும்பினேன். மாமி பின்னால் வந்து என் கையைப் பிடித்தார்.

"கிடக்கட்டும்" என்றார்.

"மாமி, கொதிக்கப்போகுது!"

"தெரியும். தெரிஞ்சுதான் போட்டனான். நீ துடைச்சுக் குடுத்த பிறகு அது நல்லாய்த்தான் ஓடினது. அவர் திரும்ப வாயை மூடிப்போட்டார். ஓடுற வண்டியிலை அவருக்குக் கதைக்க என்ன கிடக்கு?"

"ஆயுள் குறையும் எண்டு சொன்னனான் எல்லே?"

"குறையட்டும்" என்றார் மாமி. "அது போனால் இன்னொண்டு பாப்பம்."

பற்பசைக் குழாயை வெட்டி வழிக்கிற மாமியா இதைச் சொல்வது என்று நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே கரகரத்த விசிறி அலறத் தொடங்கியது. மாமி என் கையை விடவில்லை. காது இரண்டும் அந்த அறையில்தான் இருந்தன. விசிறி நின்றது.

"இஞ்சேரும்! இஞ்சை ஒருக்கா வாரும்! என்ஜின் கொதிச்சுப்போச்சு!"

"வாறன், வாறன்" என்று கத்தினார் மாமி. கத்திவிட்டு அறைக்குப் போகவில்லை. அடுப்படிக்குப் போய்க் கேத்தலைத் தூக்கி அடுப்பில் வைத்தார். கேத்தலில் தண்ணீர் ஏற்கெனவே நிறைத்து வைத்திருந்தது.